ஏஐ-யிடம் கேட்டதை எங்கே எழுதுவது?

போன மார்ச் மாதம் என் மேசையில் பதினோரு எம்.ஏ. ப்ராஜெக்டுகள் இருந்தன. எல்லாம் ஸ்பைரல் பைண்டிங் போட்ட முதல் பிரதிகள். கைடு திருத்திக் கொடுத்த பிறகுதான் ரெக்சின் அட்டை போட்டு, தங்க எழுத்தில் கல்லூரிப் பெயர் அடித்துக் கொண்டுவருவார்கள். நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக் கொடுக்கிறேன். பங்குனி வெயிலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ப்ராஜெக்ட் திருத்துவது பதினாறு வருஷமாக என் வழக்கம்.

ஆறாவதாக எடுத்தது தாமிரபரணி அணைக்கட்டுகள் பற்றியது. எழுதிய பெண்ணுக்கு ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவுக்கு வாழைத் தோட்டம். ஆற்றின் குறுக்கே இருக்கும் எட்டு அணைக்கட்டுகளையும் வரிசை மாறாமல் எழுதியிருந்தாள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் பழைய அரசர்கள் காலத்தவை, எட்டாவது மட்டும் 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ்காரர்கள் கட்டியது என்பதும் சரியாகவே இருந்தது.

இரண்டாம் இயலில் ஒரு மேற்கோளில் நின்றுவிட்டேன். எச்.ஆர். பேட் எழுதி 1917-இல் வெளிவந்த திருநெல்வேலி மாவட்ட கெஜட்டியரிலிருந்து (மாவட்டத்தைப் பற்றிய அரசு விவரத் தொகுப்பு) நான்கு வரி, மேற்கோள் குறிக்குள், பக்க எண்ணோடு. படிக்க நன்றாக இருந்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்கார அதிகாரி, நம் ஊர் விவசாயிகளின் நீர்ப்பங்கீட்டு அறிவை அவ்வளவு வாயாரப் புகழ்ந்திருந்தார். எனக்கு உறுத்தியதும் அதுதான். அந்த கெஜட்டியரின் ஜெராக்ஸ் பிரதி ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. படிக்கிற காலத்தில் எடுத்தது, ஓரமெல்லாம் பழுத்துவிட்டது. எடுத்துப் பார்த்தேன். அவள் குறித்திருந்த பக்கத்தில் அந்த வரிகள் இல்லை. முன்னால் பத்துப் பக்கம், பின்னால் பத்துப் பக்கம் பார்த்தேன். பாசனம் பற்றிய பகுதி முழுவதையும் விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தேன். எங்கேயும் இல்லை.

மறுநாள் அவளைக் கூப்பிட்டேன். கெஜட்டியரை மேசையில் விரித்து வைத்து, “இந்தப் பக்கத்துல அந்த வரி எங்கம்மா இருக்கு, காட்டு” என்றேன். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: “ஏஐ-ல கேட்டேன் மேடம். புக்கு பேரு, பக்கமெல்லாம் குடுத்துச்சு. உண்மைன்னு நினைச்சுட்டேன்.” அதை ஏன் எங்கேயும் எழுதவில்லை என்று கேட்டேன். “எழுதுனா மார்க்க குறைச்சிருவீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க மேடம்.”

அந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் அவள் சொன்னது நிஜம். வருஷ ஆரம்பத்தில் வகுப்பில் நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: “ஏஐ எல்லாம் யூஸ் பண்ணக் கூடாது.” எதற்குக் கூடாது, எதற்குப் பரவாயில்லை, பண்ணினால் எங்கே எப்படி எழுத வேண்டும் என்று எதுவும் சொல்லவில்லை. சொல்லிக் கொடுக்காத ஒன்றுக்குத் தண்டனை மட்டும் தயாராக வைத்திருந்தேன்.

அவளிடம் போனைக் கேட்டேன். தர இஷ்டம் இருந்தால் மட்டும் தா என்றுதான் கேட்டேன். கொடுத்தாள். மூன்று மாத உரையாடல் அதில் இருந்தது. ஒன்றரை மணி நேரம் இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். முதல் கேள்வி எல்லாரும் கேட்பதுதான்: “தாமிரபரணி அணைக்கட்டுகள் பற்றி ஒரு இயல் எழுதிக் கொடு.” ஆனால் போகப் போகக் கேள்விகள் மாறிக்கொண்டே வந்தன. கெஜட்டியரில் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போட்டு, “இந்த மூன்றாவது பத்தி எனக்குப் புரியவில்லை, தமிழில் சொல்” என்று கேட்டிருக்கிறாள். ராத்திரி 11.40-க்கு, “கார் சாகுபடிக்கும் பிசானத்துக்கும் தண்ணீர் திறக்கிற மாசம் இதில் தப்பாக இருக்கிறது, எங்க அப்பா வேற சொல்றாங்க” என்று சண்டை போட்டிருக்கிறாள். நல்ல மாணவி கேட்கிற கேள்விகள் அவை. எங்களிடம் கேட்டிருக்க வேண்டியவை. ராத்திரி 11.40-க்கு நாங்கள் யாரும் இருப்பதில்லை. அவள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை.

மூன்றாம் இயலைத் தொட்டு, “இது?” என்றேன். மருதூர் மேலக்கால், கீழக்கால், ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால் என்று நான்கு கால்வாய்களின் கடைமடை வரைக்கும் பஸ்ஸிலும் அப்பாவின் டிவிஎஸ் வண்டியிலும் போய், ஒன்பது விவசாயிகளிடம் பேசி எழுதியது. “அது முழுக்க நான் மேடம்” என்றாள், குரல் கொஞ்சம் உயர்ந்து. அது முழுக்க அவள்தான், படித்தாலே தெரிகிறது. ஆனால் இரண்டாம் இயலில் ஒரு பொய் மேற்கோள் மாட்டியிருந்தால், மூன்றாம் இயலையும் சேர்த்துத்தானே தேர்வாளர் சந்தேகப்படுவார்? ஏஐ-யை மறைத்ததில் அவளுக்கு வந்திருக்கக்கூடிய பெரிய நஷ்டம் அது. தான் வெயிலில் அலைந்து எழுதியதைத் தன்னுடையது என்று காட்ட அவளிடம் ஒரு வரி இல்லை.

சரி, எழுதிக்கொண்டு வா என்று அனுப்பினேன். மறுநாள் கொண்டுவந்த திருத்தத்தில் நன்றிப் பக்கத்தில் ஒரு வரி கூடியிருந்தது. இறைவன், பெற்றோர், முதல்வர், துறைத்தலைவர், கைடு, தோழிகள், அப்புறம் “தகவல் தந்து உதவிய ஏஐ செயலிக்கும் நன்றி”. அவளைக் குறை சொல்ல முடியாது. நம் ஆய்வேடுகளில் அதுதான் வழக்கம். பழைய எம்.ஃபில். ஏடுகளை எடுத்துப் பார்த்தால், “அழகுற தட்டச்சு செய்து தந்த” ஆள் வரைக்கும் நன்றி இருக்கும். உதவியவர்களை எல்லாம் அந்த ஒரு பக்கத்தில் கும்பிட்டுவிட்டால் கடன் தீர்ந்தது என்று நாமே பழக்கியிருக்கிறோம்.

ஆனால் தட்டச்சு செய்தவர் யோசனை சொல்லவில்லை. ஏஐ சொல்லியிருக்கிறது. அதனால் படிக்கிறவருக்குத் தெரிய வேண்டியது எந்தச் செயலி, எப்போது, என்ன கேட்டாய், வந்த பதிலை என்ன செய்தாய் என்பது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இதற்கு மாதிரி வாக்கியங்களே வைத்திருக்கின்றன. மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகம் மாணவர்களுக்குக் கொடுக்கும் மாதிரியில் கருவியின் பெயர், அதை எதற்குப் பயன்படுத்தினாய், கொடுத்த ப்ராம்ப்ட் (கேட்ட கேள்வி) என்ன, கிடைத்ததை எப்படிப் பயன்படுத்தினாய் என்று வரிசையாக இருக்கும். அதை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம். ஒரு மதியம் முழுக்க ஆனது. கடைசியில் வந்த ஒப்புகை இது (செயலியின் பெயரை மட்டும் இங்கே விட்டுவிடுகிறேன்):

“இந்த ஆய்வில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஓர் ஏஐ செயலியைப் பயன்படுத்தினேன். ஆங்கில நூல்களில் எனக்குப் புரியாத பத்திகளுக்குத் தமிழில் விளக்கம் கேட்டேன். இயல் 1-க்கு அது கொடுத்த உட்தலைப்புகளை மாற்றி அமைத்துக்கொண்டேன். இயல் 2-இன் முதல் வரைவில் அது எழுதிய பத்திகளைச் சேர்த்திருந்தேன். அவற்றில் ஒரு மேற்கோள் மூல நூலில் இல்லை என்று தெரிந்ததால் அந்தப் பத்திகளை நீக்கிவிட்டு, நூலைப் படித்து நானே எழுதியிருக்கிறேன். இயல் 3-இல் உள்ள நேர்காணல்களை எடுக்கவோ எழுதவோ ஏஐ-யைப் பயன்படுத்தவில்லை. உரையாடல்களின் அச்சுப் பிரதி பின்னிணைப்பு 4-இல் உள்ளது. இந்த ஏட்டில் உள்ள பிழைகளுக்கு நானே பொறுப்பு.”

கடைசி வாக்கியத்தை அவளாகவே சேர்த்தாள். சரியாகச் சேர்த்தாள். 2023 ஜனவரியில் நேச்சர் ஆய்விதழ், சாட்ஜிபிடி போன்றவற்றை ஆசிரியர் பட்டியலில் ஏற்க மாட்டோம், பயன்படுத்தியிருந்தால் கட்டுரையின் செய்முறைப் பகுதியிலோ நன்றிப் பகுதியிலோ சொல்லுங்கள் என்று அறிவித்தது. அடுத்த மாதமே, ஆய்விதழ் நெறிமுறைகளைக் கவனிக்கும் கோப் அமைப்பும் அதையே சொன்னது. இரண்டுக்கும் ஒரே காரணம்: எழுதியதற்குப் பொறுப்பேற்க அதனால் முடியாது. எங்கள் மொழியில் சொன்னால் அது வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, வராது. கேள்வி கேட்டால் இந்தப் பெண்தான் எழுந்து நிற்க வேண்டும்.

அப்புறம் அவள் கேட்டாள்: “துணைநூற்பட்டியல்லயும் போடணுமா மேடம்?” நல்ல கேள்வி. என் சக ஆசிரியர்களிலேயே பலர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். எப்படிப் பயன்படுத்தினேன் என்று சொல்வது ஒன்று. அதன் வார்த்தைகளை மேற்கோள் காட்டி, பட்டியலில் ஏற்றுவது வேறொன்று.

மேற்கோள் காட்டும் முறைகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. 2023 ஏப்ரலில் அமெரிக்க உளவியல் சங்கமான ஏ.பி.ஏ. சொன்னது: ஒரு மென்பொருளைக் குறிப்பது போலக் குறி, அதை உருவாக்கிய நிறுவனத்தை ஆசிரியர் இடத்தில் போடு. ஓப்பன்ஏஐ, அடைப்புக்குறிக்குள் ஆண்டு, சாட்ஜிபிடி, எந்தப் பதிப்பு, பெருமொழி மாதிரி என்ற குறிப்பு, இணைய முகவரி. அதற்கு முந்தைய மாதம் வந்த எம்.எல்.ஏ. பாணியின் (அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கத்தின் முறை) விளக்கம் வேறு மாதிரி. ஆசிரியர் இடத்தையே காலியாக விட்டுவிட்டு, தலைப்பு வரும் இடத்தில் நீ கேட்ட கேள்வியை எழுதச் சொல்கிறது. சிகாகோ முறையில் அடிக்குறிப்பில் சொன்னால் போதும், மற்றவர்கள் திறந்து பார்க்கக்கூடிய இணைப்பு இல்லாவிட்டால் துணைநூற்பட்டியலில் ஏற்ற வேண்டாம் என்றார்கள்.

எனக்கு எம்.எல்.ஏ. பாணி பிடித்திருக்கிறது. கேள்வியைத் தலைப்பில் வைப்பதால், மாணவர் என்ன கேட்டார் என்பது முதலில் கண்ணில் படுகிறது. “எழுதிக் கொடு” என்று கேட்டவரும் “இந்தப் பத்தி புரியவில்லை” என்று கேட்டவரும் ஒன்றில்லை என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் அவளுக்கு நான் சொன்ன பதில், “உன் ப்ராஜெக்ட்ல எந்த இடத்துலயும் தேவையில்ல” என்பதுதான். ஆற்றைப் பற்றி ஒரு தகவல் வேண்டும் என்றால் கெஜட்டியரைக் காட்டு, 1879-இல் வந்த ஸ்டூவர்ட்டின் திருநெல்வேலி மாவட்ட மேனுவலைக் காட்டு, கடைமடை விவசாயியைக் காட்டு. ஏஐ-யைக் காட்டாதே. கெஜட்டியரில் ஒரு பக்க எண் கொடுத்தால் இன்னொருவர் அதே பக்கத்தைத் திறந்து, நீ சரியாகப் படித்தாயா என்று பார்க்கலாம். நான் பார்த்தது போல. ஏஐ-யிடம் நீ கேட்ட அதே கேள்வியை நான் கேட்டால் எனக்கு வேறு பதில் வரும், நாளைக்கு இன்னொன்று வரும். திரும்பிப் போய்ப் பார்க்க அங்கே ஓர் இடமே கிடையாது. ஏஐ சொன்ன பதிலே ஆராய்ச்சிப் பொருளாக இருந்தால் மேற்கோள் காட்டத்தான் வேண்டும். ஒரு கல்வெட்டு வரியை ஏஐ எப்படி மொழிபெயர்க்கிறது, அறிஞர்கள் எப்படிப் படித்திருக்கிறார்கள் என்று ஒப்பிட்டு எழுதினால், ஏஐ-யின் சொற்களை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டு, தேதியோடு குறித்தாக வேண்டும்.

துறைக் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னபோது இரண்டு எதிர்ப்பு வந்தது. ஒன்று சாஃப்ட்வேர். “அதான் செக் பண்ண சாஃப்ட்வேர் இருக்கே மேடம், பத்து பர்சென்ட் தாண்டுனா திருப்பி அனுப்பிரலாமே” என்றார் ஒரு சார். அந்தப் பத்து சதவீதம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், கருத்துத் திருட்டைத் தடுக்க யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-இல் போட்ட விதிமுறையிலிருந்து. பத்து சதவீதம் வரை தண்டனை இல்லை. பத்திலிருந்து நாற்பது வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். நாற்பதிலிருந்து அறுபது என்றால் ஒரு வருஷம் தடை. அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. இதெல்லாம் ஏற்கெனவே இருக்கும் எழுத்தோடு உன் எழுத்து எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற கணக்கு. சாட்ஜிபிடி வெளிவந்ததே 2022 நவம்பர் 30-ஆம் தேதிதான். ஏஐ எழுதியது பெரும்பாலும் வேறு யாருடைய எழுத்தோடும் ஒத்துப்போகாமல் புதிதாக இருக்கும். அந்தப் பொய் மேற்கோள்கூட, உலகத்தில் எங்கேயும் இல்லாத வரி என்பதால், ஒப்புமை ரிப்போர்ட்டில் சுத்தமாகத் தப்பித்துவிடும்.

ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லும் கருவிகள் தனி. அவற்றை நம்பி ஒரு பிள்ளையைத் தண்டிக்க என்னால் முடியாது. ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவி வெளியிட்டது. ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது, மனிதர்கள் எழுதியதிலேயே 9 சதவீதத்தை ஏஐ என்று சொன்னது. துல்லியம் போதவில்லை என்று அதே வருஷம் ஜூலையில் மூடிவிட்டார்கள். என்னை ரொம்பப் பாதித்தது ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை ஏஐ எழுதியது என்று அவை சொல்லின. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளைக் கிட்டத்தட்ட சரியாகவே அடையாளம் கண்டன. காரணம், தெரிந்த கொஞ்சம் சொற்களை வைத்து எளிமையாக, ஒரே மாதிரி எழுதும் ஆங்கிலம் அந்தக் கருவிகளுக்கு இயந்திரம் எழுதியது போலத் தெரிகிறது. அந்த ஆங்கிலம் யாருடையது? கோனார் நோட்ஸ் படித்து, கைடில் இருக்கும் கட்டுரையை மனப்பாடம் பண்ணி வளர்ந்த என் மாணவர்களுடையது. என்னுடையதும்தான்.

இரண்டாவது எதிர்ப்பு நியாயமானது. “அப்போ முழுசையும் ஏஐ-ல எழுதிட்டு, கடைசியில ஒரு வரி ஒப்புகை போட்டுருவாங்களே?” போடட்டும். ஒப்புகை எழுதியதற்காக மார்க் குறைக்க மாட்டேன் என்றுதான் சொல்கிறேன். ஏஐ செய்த வேலைக்கு மார்க் போடுவேன் என்று சொல்லவில்லை. “இயல் 2 முழுவதும் ஏஐ எழுதியது” என்று நேர்மையாக எழுதினால், இயல் 2-இல் அந்த மாணவர் செய்தது என்ன என்று பார்ப்பேன். ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லை. ஆனால் அவரைக் கள்ளன் என்று கூப்பிட மாட்டேன், உட்காரவைத்து மறுபடி எழுதச் சொல்வேன். கூட்டத்தில் எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. என் வகுப்பில் மட்டும் செய்துகொள்ள அனுமதி கிடைத்தது.

இந்த ஜூனிலிருந்து செய்கிறேன். ஒவ்வொரு அசைன்மெண்டின் கடைசியிலும் மூன்று, நான்கு வரி. பயன்படுத்தவில்லை என்றாலும் “பயன்படுத்தவில்லை” என்று எழுத வேண்டும். நானும் எழுதுகிறேன். வினாத்தாளுக்குக் கேள்விகள் யோசிக்கும்போதும், வகுப்புக்கு பவர்பாயிண்ட் தயாரிக்கும்போதும் நான் ஏஐ-யைக் கேட்பதுண்டு. இப்போது கடைசி ஸ்லைடில் எதற்குக் கேட்டேன் என்று போடுகிறேன். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு வகுப்பே அமைதியானது. அப்புறம் ஒரு பையன் எழுந்து, “மேடம், நானும் வாட்ஸப்லயே ஏஐ-ட்ட கேப்பேன், அதுவும் எழுதணுமா?” என்றான். அன்றைக்கு அவர்கள் பேசியது போல இந்த விஷயத்தில் ஒருநாளும் பேசியதில்லை.

அந்தப் பெண்ணின் வைவா ஏப்ரலில் நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், பின்னிணைப்பு 4-ஐப் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. நீக்கிய மேற்கோளைப் பற்றித்தான் முதல் கேள்வி. எப்படித் தப்பு என்று தெரிந்தது, அப்புறம் கெஜட்டியரில் என்ன படித்தாய் என்று கேட்டார். கால் மணி நேரம் அவள் நிற்காமல் பதில் சொன்னாள். மூன்றாம் இயலுக்கு வந்தபோது அவர் சந்தேகமாக ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கடைமடைக்காரர்கள் சொன்னதைப் பற்றிக் கேட்டார், தன் ஊர்க் குளத்தைப் பற்றிச் சொன்னார்.

போன வாரம் முதல் வருஷ மாணவன் ஒருவனின் அசைன்மெண்ட் வந்தது. அவன் ஊர்க் குளத்துக்கு எந்தக் காலிலிருந்து தண்ணீர் வருகிறது என்பது பற்றி நான்கு பக்கம். கடைசியில் பென்சிலில் ஒப்புகை எழுதியிருந்தான்: “ஏஐ-யிடம் கேட்டேன். அது சொன்னதும் எங்க தாத்தா சொன்னதும் வேறவேறயா இருந்தது. போய்ப் பார்த்தேன். தாத்தா சொன்னதுதான் சரி. அதையே எழுதியிருக்கிறேன்.”

அதற்குக் கீழே சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன்: “நன்று. தாத்தாவின் பெயர், வயது, ஊர், அவரிடம் பேசிய தேதி, இவற்றை அடிக்குறிப்பில் சேர்க்கவும்.”